தாடியஸ் ஸ்டீவன்ஸா, சார்லஸ் சம்னரா, யார் பக்கம் நிற்பது?

அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அடிமைமுறையை வேரோடு பிடுங்கத் துடித்தவர்கள் இந்த இருவரும். கட்சி ஒன்றுதான், குடியரசுக் கட்சி; போன வழி வேறு.

சம்னர் பாஸ்டன்காரர், ஹார்வர்டில் படித்த செனட்டர். அவர் பேச்சு மணிக்கணக்கில் நீளும். 1856 மே மாதம் செனட் அவையில் தன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தவரை, தென் கரோலினாவின் கீழவை உறுப்பினர் பிரெஸ்டன் புரூக்ஸ் கைத்தடி உடையும் வரை அடித்துச் சாய்த்தார். உடம்பு தேறி முழுசாக வேலைக்குத் திரும்ப மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை மாசசூசெட்ஸ் அந்த நாற்காலியை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை.

ஸ்டீவன்ஸ் ஏழை வீட்டுப் பிள்ளை, பிறவியிலேயே கால் ஊனம். பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் வக்கீல், பிறகு கீழவை உறுப்பினர். நாக்கோ கத்தி.

வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது 1866இல். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று சொல்வது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 14ஆவது திருத்தம். அதன் முதல் வரைவு கருப்பர்களுக்கு வாக்குரிமையை உறுதியாகத் தரவில்லை என்று சம்னர் எதிர்த்தார். செனட்டில் அது தோற்றது. அடுத்து வந்த வரைவும் ஸ்டீவன்ஸுக்குத் திருப்தி இல்லைதான். ஆனாலும் ஏற்றார். ஏன் என்று அவரே சொன்னார்: நான் வாழ்வது மனிதர்களோடு, தேவதைகளோடு அல்ல.

என் ஓட்டு ஸ்டீவன்ஸுக்கு. அந்தத் திருத்தம் இன்றும் நிற்கிறது. சம்னர் சாகும்போதும் கவலைப்பட்ட குடிமை உரிமைகள் மசோதா (விடுதி, ரயில் போன்ற பொது இடங்களில் நிறம் பார்க்கக் கூடாது என்பது), அவர் இறந்த மறுவருடம் 1875இல் சட்டமாகி, 1883இல் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. அது அவர் தப்பு இல்லை, சரி.

அப்புறம் ஸ்டீவன்ஸின் கல்லறை. நிறம் பார்க்கும் மயானங்கள் வேண்டாமென்று அவர் லங்காஸ்டரில் ஒரு சின்ன மயானத்தைத் தேர்ந்தெடுத்தார். காரணத்தைக் கல்லிலேயே பொறித்திருக்கிறார்கள்.