வாரக்கடைசித் தியானம்: யாங்கோன் தமிழ்ப் பங்குக்கு எது பொருந்தும்?

தவக்காலம் நெருங்கினால் யாங்கோனில் தமிழ்ப் பூசை நடக்கிற பங்குகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும்: இந்த வருடத் தியானத்தை எப்படி வைக்கலாம்? தமிழ்நாட்டிலிருந்து பிரசங்கம் செய்கிற சாமியாரை அழைக்கலாம் என்பார்கள் பெரியவர்கள். ஊரைவிட்டுத் தள்ளியிருக்கிற தியான இல்லத்துக்குப் போய் மௌனமாக இருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். பங்கு மக்களே நடத்தட்டும் என்பது இப்போது இளையவர்களிடம் கேட்கிற குரல். மூன்றுமே நல்லவைதான். ஆனால் மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

முதலில் பிரசங்கத் தியானம். பாட்டு, கைத்தட்டல், குணமளிக்கும் ஜெபம், நற்கருணை ஆராதனை என்று நாம் பார்க்கிற இந்த முறை, தூய ஆவியின் வரங்களை வலியுறுத்துகிற அருங்கொடை (கரிஸ்மாட்டிக்) இயக்கத்தின் வழியாக வந்தது. அந்த இயக்கம் தொடங்கியதே ஒரு வாரக்கடைசித் தியானத்தில்தான். 1967 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகே கல்லூரி மாணவர்கள் கூடிய தியானம் அது. இதன் பெரிய பலம், யாரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பல வருடம் பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கூட அன்று வரிசையில் நிற்பார். முழுக்கத் தமிழில் இரண்டு நாள் கேட்பது நம் பாட்டிமார்களுக்கு விருந்து. பர்மியப் பூசைக்கு நடுவில் அவர்களுக்கு அது எப்போதாவதுதான் கிடைக்கிறது.

ஆனால் திங்கட்கிழமை சாமியார் விமானம் ஏறிவிடுவார். தியானத்தில் அழுதவரை அடுத்த வாரம் யார் தேடிப்போவது? விசா, பயணச்செலவு, தங்குமிடம் என்று பங்கின் கையிருப்பு கரைந்த பிறகு அந்தக் கேள்விக்கு ஆளும் இருக்காது, பணமும் இருக்காது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குணமளிக்கும் ஜெபம் முடிந்ததும் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஜெபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை என்பதை மேடையிலேயே தெளிவாகச் சொல்கிற பிரசங்கியாரை மட்டும்தான் அழைக்க வேண்டும்.

மௌன தியானம் வேறு வகை. புனித இஞ்ஞாசியாரின் ஆன்மீகப் பயிற்சிகள் முழுமையாக முப்பது நாளுக்கானவை. 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்றவை. வாரக்கடைசியில் அதில் ஒரு துளியைத்தான் தொட முடியும். நற்செய்தியின் ஒரு பகுதியை எடுத்து, அந்தக் காட்சிக்குள் நீங்களே நிற்பதாக நினைத்து, இயேசுவோடு பேசி, அப்புறம் வழிகாட்டியிடம் அரைமணி நேரம் மனதைத் திறக்கிறீர்கள். பர்மாவில் இதை விளக்குவது சுலபம். திங்யான் என்கிற பர்மியப் புத்தாண்டு விடுமுறையில் பௌத்த மடங்களுக்கும் மஹாசி தியான மையத்துக்கும் போய் உட்காருகிறவர்கள் நம் பக்கத்து வீட்டிலேயே உண்டு. வாய் பேசாமல் சில நாள் இருந்துவிட்டு வருவதை இங்கே யாரும் வினோதமாகப் பார்ப்பதில்லை.

ஒரு முடிவு எடுக்க வேண்டியவர், துக்கத்தில் இருப்பவர், குருமடமோ கன்னியர் மடமோ என்று யோசிக்கிற பிள்ளை, இவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் பத்து நிமிடம் தனியாக ஜெபித்துப் பழகாதவரை இரண்டு நாள் மௌனத்தில் விட்டால் தவித்துப்போவார். தமிழில் வழிகாட்டத் தெரிந்தவர்களும் குறைவு. கைபேசியை ஒப்படைத்துவிட்டு இரவு வெளியே தங்க, இன்றைய நிலைமையில் எந்தத் தாய்க்கு மனசு வரும்?

பிப்ரவரியில் ஞாங்லேபின் லூர்து மாதா கோயில் திருவிழாவுக்குப் போய்வருவதையும் சிலர் தியானக் கணக்கில் சேர்க்கிறார்கள். யாத்திரை அருமையானது. அது தியானம் ஆகாது, அவ்வளவுதான்.

இனி மூன்றாவது. பங்கு மக்களே நடத்துகிற வாரக்கடைசி. 1960களின் கடைசியில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மறைமாவட்டத்தில் இப்படி ஒரு முறை உருவானது. 1987இல் டெக்சாஸின் சான் அந்தோனியோவில், ஸ்பெயினிலிருந்து வந்த குர்சீயோ என்கிற தியான முறையை ஒட்டி இன்னொன்று. அவற்றின் பெயர்களும் கையேடுகளும் நமக்கு அவசியமில்லை. நடைமுறையை எடுத்துக்கொண்டால் போதும். பங்கு மக்களில் ஒரு சிறு குழு சில மாதம் கூடி ஜெபித்துத் தயாராகிறது. சனிக்கிழமை காலை முதல் ஞாயிறு மாலை வரை அவர்கள் தங்கள் வாழ்க்கையில் ஆண்டவர் செய்ததைச் சாட்சியமாகச் சொல்கிறார்கள். கேட்டவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து பேசுகிறார்கள். சாமியார் பாவசங்கீர்த்தனத்துக்கும் திருப்பலிக்கும் இருப்பார். முக்கியமான விஷயம் இதுதான்: இந்த முறை வந்து கேட்டவர்களிலிருந்தே அடுத்த தியானத்தை நடத்துகிற குழு உருவாகிறது. பிரசங்கத் தியானத்தில் திங்கட்கிழமை விழுகிற அந்த ஓட்டை இங்கே அடைபடுகிறது.

நம் மொழிச் சிக்கலுக்கும் இதுவே மருந்து. 1965இல் தனியார் பள்ளிகள் அரசுடைமையான பிறகு தமிழ் வீட்டிலும் கோயிலிலும்தான் தங்கியது. இன்று பாட்டி பேசுவது பேரனுக்குப் புரிகிறது, ஆனால் தமிழ் பைபிளை வாசிக்கத் திணறுகிறான். அழைத்துவந்த பிரசங்கியாரின் இலக்கியத் தமிழ் அவனுக்கு எட்டாது. பக்கத்துத் தெரு அக்கா தமிழும் பர்மியமும் கலந்து, கடன் தொல்லையிலும் ஜெபமாலையை விடாமல் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னால் அப்படியே கேட்பான். வாசகங்களை இரண்டு மொழியிலும் அச்சிட்டு வைத்தால் போதும்.

ஆண்களுக்கு ஒரு வாரக்கடைசி, பெண்களுக்கு ஒரு வாரக்கடைசி என்று தனித்தனியாக வைப்பது நல்லது. மாமியாரும் மருமகளும் ஒரே சிறு குழுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெண்கள் தியானத்தில் இருக்கிற இரண்டு நாளும் ஆண்கள் சமைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால், அதுவே ஒரு தியானம்.

ஆபத்து இல்லாமல் இல்லை. நம்முடையது சின்னச் சமூகம், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். உள்ளே பேசியது வெளியே போனால் ஒரு குடும்பமே கோயிலுக்கு வருவதை நிறுத்திவிடும். அதனால் சாட்சியத்தை எழுதி முன்கூட்டியே பங்குத்தந்தையிடம் காட்ட வேண்டும். தன் கதையை மட்டும் சொல்ல வேண்டும். கணவரின் குடியைப் பற்றிச் சொல்வதாக இருந்தால் அவர் சம்மதம் வேண்டும். இருபது நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இரவு தங்கினால் மனம் வேகமாக அடங்கும், உண்மைதான். ஆனால் மின்வெட்டும் பயண பயமும் இருக்கிற இந்தக் காலத்தில், இருட்டுவதற்குள் வீடு சேர்ந்து காலையில் திரும்பி வருவதுதான் எல்லோரையும் சேர்க்கும் வழி. செலவு சோறு, குழம்பு, தேநீர் அளவில் நின்றுவிடும்.

அதனால் பங்கைப் புதுப்பிப்பதுதான் நோக்கம் என்றால் என் ஓட்டு மூன்றாவதற்கு. மௌன தியானத்துக்குப் பங்குச் செலவில் வருடம் இரண்டு மூன்று பேரை அனுப்பலாம்; அவர்களே பிறகு நல்ல குழுத் தலைவர்கள் ஆவார்கள். பிரசங்கியாரைச் சில வருடங்களுக்கு ஒருமுறை அழைக்கலாம். தவக்காலத்தில் நடத்த வேண்டுமானால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்துக்கு முன்பே ஆறேழு பேரைச் சேர்த்துவிடுங்கள். அத்தனை பேரும் பங்குப் பேரவையிலிருந்தே வர வேண்டாம். கொஞ்ச காலம் கோயில் பக்கம் வராமல் இருந்து திரும்பி வந்த ஒருவரையாவது கட்டாயம் சேருங்கள்; அவர் பேச்சைக் கேட்கத்தான் ஆட்கள் வருவார்கள்.