கூண்டுப் பறவைகள் கொறிக்கும் பொம்மைக்கு மரம்: பெங்களூரில் நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

எந்த மரம் என்று பார்ப்பதற்கு முன், அது எங்கே கிடந்தது, எப்படிக் காய்ந்தது என்று பாருங்கள். பூச்சிமருந்து குடித்த நல்ல மரமும் கூண்டுக்கு ஆகாது.

கொறிக்க முதலிடம் முருங்கைக்குத்தான். கட்டைவிரல் பருமனுள்ள கிளையை 1 செ.மீ. வில்லைகளாக அறுத்து, நடுவில் 5 மி.மீ. துளை போட்டுக் கோத்தால் காக்டெயில் (காக்கட்டீல் கிளி) ஒரு வாரத்தில் தூளாக்கிவிடும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம், சிதைப்பதற்குத்தான் பொம்மை. லவ் பேர்ட்ஸ் என்று நாம் சொல்கிற பட்ஜிகளுக்கு வில்லை 4 மி.மீ. போதும், அதற்கு மேல் போனால் சீண்டாது.

முருங்கையின் சிக்கல் ஈரம். பச்சைக் கட்டை பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்திருக்கும். ஜூன் முதல் அக்டோபர் வரை பெங்களூர் மழையில் நிழலில் காயவைத்தால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். பிப்ரவரி, மார்ச் வெயிலில் வருடத்துக்கு வேண்டியதை அறுத்து வைத்துக்கொள்வதே மேல். மழைக்காலத்தில் அவசரம் என்றால், சோப்பு இல்லாமல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, ஓ.டி.ஜி. மின்அடுப்பில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம், பக்கத்திலேயே இருந்து. பறவை வேறு அறையில் இருக்கட்டும். பிறகு சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். மூன்று நாள் எடை மாறாமல் இருந்தால்தான் காய்ந்தது என்று அர்த்தம். கருப்புப் புள்ளியோ புளித்த வாடையோ இருந்தால் சுரண்டிக்கொண்டிருக்காதீர்கள், தூக்கிப் போடுங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை பறவையின் காற்றுப்பைகளில் இறங்கினால் வைத்தியம் பல மாதம் இழுக்கும்.

உட்காரும் கிளைக்குக் கொய்யா. பட்டையோடு வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும். பருமன் இடத்துக்கு இடம் மாறுவதால், ஒரே அளவு உருளைக் கம்பில் நின்று பாதம் புண்ணாகும் தொல்லையும் குறையும்.

ராமநகரம், சிட்லகட்டா பக்கம் முசுக்கொட்டைக் குச்சி தெரிந்தவர் மூலம் கிடைத்தால் விடாதீர்கள். பட்டுப்புழு தின்னும் இலை என்பதால் பூச்சிமருந்து விஷயத்தில் விவசாயிகள் ஜாக்கிரதையாக இருப்பார்கள், இருந்தாலும் கடைசியாக எப்போது அடித்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். திராட்சைக் கொடி மரமாகப் பாதுகாப்பானதுதான். ஆனால் தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் தோட்டங்களில் பூஞ்சைமருந்து திரும்பத் திரும்ப விழும், பட்டையிடுக்கில் தங்கியதைக் கழுவி எடுக்க முடியாது. அதனால் வேண்டாம்.

பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் கிடைக்கும் பைன் பேலட்டில் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) கோதுமைக் கதிர் படமுள்ள முத்திரையைத் தேடுங்கள். 'எச்.டி.' என்றால் கட்டையின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது, எடுக்கலாம். 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடாதீர்கள். முத்திரையே இல்லாத பெட்டிக்கட்டையும் வேண்டாம். அதில் ரப்பர் மரம் நிறைய வரும், வண்டு துளைக்காமல் இருக்கப் பெரும்பாலும் போரான் மருந்தில் ஊறவைத்திருப்பார்கள். எச்.டி. பேலட்டிலும் எண்ணெய்க் கறை இருந்தால் அந்தப் பலகையை விட்டுவிடுங்கள். ஆணி ஓட்டையிலிருந்து 3 செ.மீ. தள்ளி அறுங்கள்.

தச்சர் பட்டறைத் துண்டுகள் இலவசம்தான். ஆனால் பிளைவுட், எம்.டி.எஃப். (மரநார்ப் பலகை) இரண்டிலும் பசை. பழைய கதவுக் கட்டையில் ஈயப் பெயின்ட் இருக்கலாம்.

அபார்ட்மென்ட் வளாகத்தில் வெட்டிப் போட்ட கிளைகளில் இரண்டை அடையாளம் தெரிந்து ஒதுக்குங்கள். பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரத்தில் உள்ள பெர்சின் என்ற நச்சு பறவையின் இதயத்தைத் தாக்கும். சிவப்போ மஞ்சளோ, அரளி எதுவுமே கூடாது. பெயர் தெரியாத கிளையை இலையை வைத்து ஊகிக்காதீர்கள், விட்டுவிடுங்கள்.

மரத்தை இவ்வளவு பார்த்துவிட்டு ஜி.ஐ. கம்பியில் தொங்கவிடுபவர்கள் உண்டு. அந்த இரும்புக் கம்பியின் மேல்பூச்சு துத்தநாகம், கொறித்தால் விஷம். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி, திருகு மூடியுள்ள கொக்கி, இவை போதும். சாவி வளையத்தில் அலகு சிக்கும். கோர்க்க வாழை நார் நல்லது, கடித்தால் அறுந்துவிடும். பருத்திக் கயிறு பிரிந்து இழையாகி விரலில் சுற்றும், விழுங்கினால் இரைப்பையில் அடைக்கும். நாரையும் வாரம் ஒருமுறை பாருங்கள், 5 செ.மீ.க்கு மேல் தொங்கினால் கத்தரித்துவிடுங்கள்.