தோண்டுவதா, மூடுவதா, நைட்ரேட் விடுவதா? ஒனண்டாகா ஏரியின் பாதரசம்

நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரை ஒட்டியது ஒனண்டாகா ஏரி. கரையோர ரசாயன ஆலை 1946 முதல் 1970 வரை அதில் விட்ட பாதரசம் சுமார் 75 டன். 1970-இல் மீன்பிடிக்கத் தடை வந்தது. ஆலைக் கழிவு குறைந்த பிறகும் அடிவண்டல் நஞ்சைக் கசியவிட்டபடியே இருந்தது. அதைத் தடுக்க மூன்று வழிகளை ஒரே ஏரியில் கையாண்டார்கள் என்பதால், ஒப்பிட இதைவிடத் தோதான இடம் கிடையாது.

முதலில் தூர்வாரல். 2012 முதல் 2014 வரை சுமார் 17 லட்சம் கனமீட்டர் வண்டலை உறிஞ்சி, குழாய் வழியே காமில்லஸ் ஊர்ப் பக்கம் கொண்டுபோய்ப் பெரிய துணிப்பைகளில் வடியவிட்டார்கள். அக்கம்பக்கத்தார் நாற்றம் தாங்காமல் புகார் செய்தார்கள். நஞ்சை வெளியேற்றுவது இது ஒன்றுதான். ஆனால் கிளறும்போது எழும் துகள்களில் ஒரு பங்கு மறுபடி ஏரியிலேயே படியும்.

அடுத்தது, மணலும் சரளையும் கொட்டி மூடுவது. 2016-இல் முடிந்தது. ஊற்றுநீர் வண்டலினூடே மேலேறும் இடத்தில் வெறும் மணல் கரைந்த நஞ்சைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அதனால் சில பகுதிகளில் நஞ்சைப் பிடித்து வைக்கக் கரித்தூளும் கலந்தார்கள். அடிச்சேறு குழைவாக இருந்த சில இடங்களில் மூடியே சரிந்தது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது: நைட்ரேட் விடுவது. கோடையில் ஏரியின் மேல்நீரும் அடிநீரும் கலப்பதில்லை. அடியில் முதலில் ஆக்சிஜன் தீரும், அப்புறம் நைட்ரேட். அதன்பின் சல்பேட்டை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் தலையெடுத்து, பாதரசத்தை மீத்தைல் பாதரசமாக்கும். மீனின் உடலில் சேர்ந்துகொண்டே போகும் வடிவம் அதுதான். 2004-இல் நகரின் கழிவுநீர் நிலையம் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கியதும், அடிநீரில் மீத்தைல் பாதரசம் குறைந்தது. அதற்காகச் செய்ததல்ல, தானாய்க் கிடைத்த பலன்! அதைப் பார்த்துத்தான் 2011 முதல் கோடைதோறும் படகிலிருந்து கால்சியம் நைட்ரேட் கரைசலை ஆழத்தில் செலுத்தினார்கள். நைட்ரேட் உரமாயிற்றே, பாசி பெருகாதா என்றால், அங்கே பாசியைக் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் பற்றாக்குறை.

ஆனால் பாதரசம் அடியிலேயேதான் கிடக்கும். நிறுத்தினால் பழைய கதை திரும்பக்கூடும். அலை கிளறும் ஆழமற்ற கரையோரத்தில் நஞ்சு துகளோடு துகளாகப் பயணிப்பதால், நைட்ரேட்டால் அங்கே பயனில்லை. செலவானாலும் நாறினாலும், கரையோரத்துக்கு என் தேர்வு தூர்வாரல்தான்.