கிட்லீக்ஸ்: பொது ரெப்போ வைத்திருப்பவர்கள் அவசியம் போட வேண்டிய டூல்

ஈரோட்டில் ஜவுளிக் கடைகளுக்கான பில்லிங் மென்பொருளை ஓப்பன் சோர்ஸாக எழுதி வருகிறோம். கோடு யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் அதே ஃபோல்டரில்தான் பாஸ்வேர்டு உள்ள என்வ் ஃபைலும், சோதனைக்காக ஒரு கடைக்காரர் நம்பிக் கொடுத்த டேட்டாபேஸ் டம்ப்பும் (முழு டேட்டாவின் நகல்), சர்வர் பற்றிய என் குறிப்புகளும் இருக்கின்றன. இவை வெளியே போகக் கூடாது என்பதற்காகத்தான் கிட்லீக்ஸ்: கிட் ரெப்போவில் (கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்து வைக்கும் களஞ்சியம்) பாஸ்வேர்டு போன்ற ரகசியங்கள் நுழைந்திருக்கின்றனவா என்று தேடும் டூல்.

எந்த ஃபைல்களைக் கிட் சேர்க்கக் கூடாது என்று பட்டியலிடும் கிட்இக்னோர் ஃபைல் போதாதா என்று கேட்பார்கள். அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஏற்கெனவே கமிட் ஆன (ரெப்போவில் பதிவான) ஃபைலை அது தடுக்காது. கோடுக்கு நடுவே யாராவது ஒரு கீயை (சர்வருக்குள் நுழைய உதவும் ரகசியக் குறியீடு) ஒட்டிவைத்தாலும் அதற்குத் தெரியாது. டொயோட்டாவின் டி-கனெக்ட் என்ற கார் இணையச் சேவையின் சோர்ஸ் கோடில் ஒரு பகுதி, சர்வர் கீயோடு சேர்ந்து, 2017 டிசம்பரிலிருந்து 2022 செப்டம்பர் வரை கோடு பகிரும் தளமான கிட்ஹப்பில் பொதுவில் கிடந்தது. 2,96,019 வாடிக்கையாளர்களின் ஈமெயில் முகவரிகள் கசிந்திருக்கலாம் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. அவ்வளவு பெரிய இடத்திலேயே இப்படி என்றால், சின்ன டீம்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

கிட்லீக்ஸ் கோ மொழியில் எழுதப்பட்ட ஒற்றை பைனரி (நேரடியாக ஓடும் ஃபைல்), போடுவது சுலபம். ரீஜெக்ஸ் (எழுத்துகளின் வடிவத்தை வைத்துத் தேடும்) விதிகளாலும், எழுத்துகள் எவ்வளவு தாறுமாறாக இருக்கின்றன என்ற கணக்காலும் கீகளைப் பிடிக்கிறது. பழைய கமிட்டுகளையும் துருவிப் பார்க்கும். கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹூக்கில் போட்டால், ஸ்டேஜ் செய்த (கமிட்டுக்குத் தயாராக வைத்த) மாற்றத்தில் கீ இருந்தாலே கமிட் நின்றுவிடும். கீயை மறைத்துக் காட்டும் ரிடாக்ட் ஆப்ஷனைப் போட்டு ஓட்டுங்கள். இல்லாவிட்டால் பிடிபட்ட கீ லாகில் அப்படியே வந்து நிற்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பலரும் கவனிக்காத ஒன்று. விதியை ஃபைலின் பாதையை வைத்தும் எழுதலாம். எஸ்க்யூஎல் என்று முடியும் (டேட்டாபேஸ் டம்ப்) ஃபைல், குறிப்புகள் ஃபோல்டருக்குள் இருப்பது எதுவாக இருந்தாலும் நிறுத்து என்று கிட்லீக்ஸின் செட்டிங்ஸ் இருக்கும் டாமல் ஃபைலில் எழுதி வைத்திருக்கிறேன். யாராவது கிட்இக்னோரை மீறி வலுக்கட்டாயமாக ஆட் செய்தாலும் இங்கே மாட்டும். ஒரு எச்சரிக்கை: சொந்த விதிகளை எழுதும்போது எக்ஸ்டெண்ட் பகுதியில் யூஸ்-டிஃபால்ட்டை ட்ரூ என்று போடுங்கள். போடாவிட்டால் கூடவே வரும் விதிகள் எதுவும் ஓடாது, சத்தமும் வராது.

குறைகள் உண்டு. டெஸ்ட் டேட்டாவில் இருக்கும் போலிக் கீகளுக்கும் கத்தும். அவற்றை ஒவ்வொன்றாக இக்னோர் ஃபைலில் சேர்த்து வருகிறோம். இணையப் பாடங்கள் பலவற்றில் டிடெக்ட், ப்ரொடெக்ட் என்ற பழைய கமாண்டுகளே இருக்கின்றன. அவை இன்னும் ஓடும், ஆனால் 8.19 பதிப்பிலிருந்து கிட், டிர் என்று மாறிவிட்டன. அப்புறம், ஹூக் ரெப்போவோடு சேர்ந்து போகாது. டீமில் ஒவ்வொருவரும் தங்கள் மெஷினில் போட வேண்டும், கமிட் செய்யும்போது நோ-வெரிஃபை ஆப்ஷன் கொடுத்தால் அதைத் தாண்டியும் போகலாம். அதனால் கோடு பொது ரெப்போவுக்குப் போனதும் தானாகச் சோதனைகளை ஓட்டும் சிஐ-யிலும் ஓட்டுகிறோம். சிஐ கத்தும்போது கீ ஏற்கெனவே வெளியே போயிருக்கும், ஆகவே முதல் வேலை அந்தக் கீயை ரத்து செய்வது. ஹிஸ்டரியைச் சுத்தம் செய்வதெல்லாம் பிறகுதான்.

எம்ஐடி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமம், இலவசம். கிட்ஹப்பின் சிஐ-க்காக அவர்கள் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன் மட்டும் நிறுவனக் கணக்குகளுக்கு லைசென்ஸ் கீ கேட்கும், தனிநபர் கணக்குக்குக் கேட்காது. நாங்கள் பைனரியையே சிஐ-யில் நேரடியாக ஓட்டுவதால் அந்தத் தேவையும் வரவில்லை.