தீனபந்து சாண எரிவாயுக் கலன்: ஆண்டுக்கணக்கில் ஓடும்போது தெரிய வருபவை

நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் தீனபந்துக் கலனுக்குத் தினமும் 50 கிலோ சாணமும் 50 லிட்டர் தண்ணீரும் வேண்டும். “நாலு மாடு இருந்தால் போதும்” என்பார்கள். கட்டுத்தரையிலேயே நிற்கும் கலப்பின மாடுகள் என்றால் சரி. மேய்ச்சலுக்குப் போய்வரும் நாட்டு மாடு போடும் சாணத்தில் பாதி காட்டிலேயே விழுந்துவிடும். ஒரு கிலோ பசுஞ்சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர் வாயு என்பதுதான் கணக்கு. ஆகவே மாட்டை எண்ண வேண்டாம். ஒரு வாரம் சாணத்தை எடை போட்டுப் பாருங்கள். 25 கிலோதான் தேறுகிறது என்றால் 1 கன மீட்டர் கலனே போதும். அரைகுறையாகத் தீனி கிடைக்கும் பெரிய கலனைவிட நிறைவாக ஓடும் சின்னக் கலன் மேல்.

தீனபந்து 1984-இல் ஆப்ரோ என்ற தொண்டு நிறுவனம் உருவாக்கிய வடிவம். செங்கல், சிமெண்ட், மணல்தான். வாயு மேலே குவிமாடத்தில் சேரும். அசையும் பாகமே இல்லை. கதர் கமிஷன் மாதிரியில் கரைசல்மேல் மிதக்கும் இரும்பு டிரம் துருப்பிடிக்கும். அந்தத் தொல்லை இதில் கிடையாது. ஆனால் அந்த டிரம் தன் எடையால் வாயுவை ஒரே அழுத்தத்தில் தள்ளும். தீனபந்துவில் பற்றவைத்ததும் தீ வேகமாக எழும்பி, போகப் போகத் தணியும். இது பழுது அல்ல. இது தெரியாமல் பர்னரை மாற்றிப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு.

முதல் நிரப்புக்கு ஏறக்குறைய 2 டன் சாணம் தேவைப்படும். அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் பத்து நாளுக்குள் நிரப்பிவிடுவது நல்லது. பாலுக்கு உறை ஊற்றுவதுபோல, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனிலிருந்து பத்தில் ஒரு பங்கு கரைசல் எடுத்துவந்து சேர்த்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். முதலில் வரும் வாயுவில் கரியமில வாயுதான் அதிகம், தீப்பிடிக்காது. காற்றும் கலந்திருக்கும் என்பதால் ஒன்றிரண்டு தடவை வெளியே விட்டுவிட வேண்டும். எரிகிறதா என்று பார்ப்பதும் அடுப்பில்தான். குவிமாடத்துக் குழாய் வாயில் தீக்குச்சியைக் கொண்டுபோகவே கூடாது.

கலன் கெடுவது பெரும்பாலும் சாணத்தைக் கரைத்து உள்ளே விடும் கலவைத் தொட்டியில்தான். மண் தரையில் கட்டிய மாட்டின் சாணத்தை வழித்து அள்ளும்போது மணலும் சேர்ந்து வரும். அது கலனின் அடியில் படிந்து, வருடா வருடம் கொள்ளளவைத் தின்னும். வைக்கோல் துணுக்கும் தட்டையும் மேலே மிதந்து ஆடையாகக் கெட்டிப்படும். அப்புறம் கீழே உண்டாகும் வாயு மேலே வர முடியாது. கரைத்தபின் ஐந்து நிமிடம் விட்டால் மணல் கீழே தங்கிவிடும், தட்டை மேலே வந்துவிடும். தட்டையைக் கையால் அள்ளிவிட்டு, அடைப்பை எடுத்துக் கரைசலை உள்ளே விட்டு, அடி வண்டலை வெளியே கொட்ட வேண்டும். கரைசலில் கட்டி இருக்கக் கூடாது. தொழுவம் கழுவிய பினாயில் தண்ணீர், சோப்புத் தண்ணீர், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணம் இவை எதுவும் உள்ளே போகவே கூடாது. வாயு தருவது நுண்ணுயிர்கள். அவை செத்தால் மறுபடி தேறப் பல வாரங்கள் ஆகும்.

காலையில், கரைசல் வெளியே வரும் வெளித்தொட்டியைப் பாருங்கள். இரவு முழுக்க வாயு சேரச் சேர, கரைசலை அது அங்கே தள்ளியிருக்கும். மட்டம் ஏறாமல் இருந்தால் ஒன்று வாயு உற்பத்தி இல்லை, இல்லையென்றால் கசிவு. வால்விலும் இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவினால் கசிவு தெரிந்துவிடும். அங்கெல்லாம் சரியாக இருந்தால் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். உட்பூச்சில் அவசரப்பட்ட கொத்து வேலையின் பலன் அது.

தீ விட்டுவிட்டுத் துடித்தால் குழாயில் தண்ணீர் நிற்கிறது என்று அர்த்தம். வாயுவோடு வரும் ஈரம் குழாயில் குளிர்ந்து நீராகும். குழாயை, அந்த நீர் வந்து தேங்கும் நீர்ப்பொறியை நோக்கிச் சரிவாகப் போட்டு, வாரம் ஒருமுறை வடித்துவிட்டால் போதும்.

சமையலறைக் கழிவில் கிலோவுக்குக் கிடைக்கும் வாயு சாணத்தைவிட அதிகம். ஆசைப்பட்டு வாளி வாளியாகக் கொட்டினால் கலன் புளித்துவிடும். 50 கிலோ சாணத்தோடு 2, 3 கிலோ, அதுவும் நறுக்கியது, தாங்கும். எலுமிச்சைத் தோல், முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார் வேண்டாம். புளித்த வாடை வந்து, பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு, குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6.5-க்குக் கீழே இறங்கினால் கழிவை அடியோடு நிறுத்திவிட்டு, சில நாள் தீனியைக் குறைத்து, சாணக் கரைசலை மட்டும் கொடுக்க வேண்டும்.

மார்கழி, தை குளிரில் வாயு குறையும். வெயிலில் வைத்துச் சூடேறிய தண்ணீரில் நண்பகலில் கரைத்தால் ஓரளவு ஈடுகட்டலாம்.

வண்டலை வார வேண்டிய கட்டத்தில் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. காலியான கலனிலும் மூச்சை நிறுத்தும் வாயு தங்கியிருக்கும், உயிர்கள் போயிருக்கின்றன. காற்றோட்டம் செய்யும் கருவிகளோடு வரும் பயிற்சி பெற்ற ஆட்களிடமே விட வேண்டும்.

உள்ளே போகும் 100 லிட்டரும் ஏறக்குறைய முழுதாக வெளியே வருகிறது. இந்தக் கரைசலில் ஈ மொய்க்காது, களை விதையும் பெரும்பாலும் முளைக்காது. வெயிலில் காயவிட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகப் பறந்துவிடும். வாய்க்கால் தண்ணீரோடு நேராகத் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதுதான் முதல் தேர்வு. பாசனம் இல்லாத நாட்களில், நிழலில் குழி வெட்டிக் காய்ந்த சருகும் கரும்புத் தோகையும் பரப்பி, அதன்மேல் ஊற்றிவர வேண்டும். குழி இரண்டாக இருந்தால் ஒன்று நிரம்பி மட்கும்போது மற்றதில் ஊற்றலாம்.