ஏலத்தில் விற்கிறீர்களா? பொருள் திரும்பி வரும்போது கவனம்

இணைய ஏலத்தில் முதன்முறையாக எதையாவது விற்கப் போகிற சிங்கப்பூர் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். பணம் கட்டிவிட்டதாகப் போலி பேநவ் ஸ்கிரீன்ஷாட் அனுப்புவது, லிங்க் அனுப்பி வங்கி விவரம் கேட்பது எல்லாம் இப்போது பலருக்கும் தெரியும். எனக்கு நடந்தது வேறு. பணம் ஒழுங்காகக் கட்டப்பட்டது, பொருளும் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு அப்புறம்தான் திருட்டு நடந்தது.

விற்றது அப்பாவின் நிக்கான் எஃப்எம்2 ஃபிலிம் கேமராவும் 50 எம்எம் லென்சும். சிராங்கூன் ரோடு கோயில்களில் நடந்த எத்தனையோ சொந்தக்காரக் கல்யாணங்களை அப்பா அதில்தான் எடுத்தார். அவர் போன பிறகு அலமாரியில் சும்மா கிடந்தது. நம் ஊர் ஈரக் காற்றில் சும்மா கிடக்கிற லென்சுக்குப் பூஞ்சை பிடிக்கும். "பூட்டி வச்சுப் பாழாப் போறதுக்கு, எடுக்கத் தெரிஞ்ச யாராவது எடுக்கட்டும்" என்று அம்மாதான் சொன்னார்.

விற்பதற்கு முன் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் ஒரு பழுதுபார்க்கும் அங்கிளிடம் காட்டினேன். எஃப்எம்2 வந்தது 1982இல். முழுக்க மெக்கானிக்கல் கேமரா. பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான், அது இல்லாவிட்டாலும் 1/4000 நொடி வரை ஷட்டர் ஓடும். அங்கிள் பின்கதவைத் திறந்து ஷட்டரைக் காட்டினார். மெல்லிய தகடுகள் முழுக்கத் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறுகோணங்கள். ஆரம்ப காலத்து எஃப்எம்2இல் டைட்டானியத் தகடு, அதில்தான் இந்தத் தேன்கூடு வடிவம் இருக்கும் என்றார். எண்பதுகளின் கடைசியில் அலுமினியத்துக்கு மாறிவிட்டார்கள், அது வழவழப்பாக இருக்கும். சேகரிப்பவர்கள் தேடுவது டைட்டானியத்தைத்தான். ஷட்டர் வேகங்களைச் சோதித்து, கேமராவின் சீரியல் எண்ணோடு ரசீதும் எழுதிக் கொடுத்தார்.

ஏலத்தில் போட்டபோது தேன்கூடு தகடு, சீரியல் எண், லென்சுக்குள் டார்ச் அடித்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்தேன். கடைசி நிமிடங்களில் விலை ஏறி 520 வெள்ளிக்கு முடிந்தது. வாங்கியவர் சிங்கப்பூரிலேயே இருப்பவர். பணத்தைத் தளம் பிடித்து வைத்திருந்து, பொருள் கிடைத்ததை வாங்கியவர் உறுதி செய்ததும் நமக்கு விடும். கூரியரில் அனுப்பினேன், போய்ச் சேர்ந்தது.

உறுதி செய்வதற்கான கெடு முடியப் போகிற நேரத்தில், "ஷட்டர் சிக்கிக்கொண்டது, விவரித்தபடி இல்லை" என்று அவர் புகார் போட்டார். பொருளைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தளம் உத்தரவிட்டது. பார்சல் என் வீட்டுக்கு வந்து சேர்ந்ததாக டிராக்கிங்கில் பதிவானதுமே பணம் அவருக்குப் போய்விட்டது. நான் பெட்டியைப் பிரிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

உள்ளே இருந்ததும் ஒரு எஃப்எம்2தான். கறுப்பு உடம்பு, அதே மாதிரி ஒரு 50 எம்எம் லென்ஸ். ரீவைண்ட் குமிழை இழுத்துப் பின்கதவைத் திறந்தேன். தகடுகள் வழவழவென்று இருந்தன, ஒன்று வளைந்து மற்றொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. லென்சின் ஓரமெல்லாம் பூஞ்சை. பின்பக்கத்துச் சீரியல் எண்ணும் வேறு. செத்துப்போன தன் கேமராவை அனுப்பிவிட்டு நல்ல கேமராவை வைத்துக்கொண்டான். மரியாதை கொடுத்து எழுத இனி மனம் வரவில்லை.

அம்மா ஒன்றும் பேசாமல் போய் அப்பாவின் பழைய வாரன்டி அட்டையைத் தேடி எடுத்து வந்தார். "இந்தா, இதுலயும் நம்ம நம்பர் இருக்கு, அனுப்பிப் பாரு" என்றார். அட்டை, ரசீது, படங்கள் எல்லாவற்றையும் தளத்துக்கு அனுப்பினேன். அவர்கள் பதிலின் சாரம் இதுதான்: உங்களிடம் அந்தக் கேமரா இருந்தது என்பதை இவை காட்டுகின்றன; அதைத்தான் அனுப்பினீர்கள் என்பதைக் காட்டவில்லை.

இந்த ஒரு வரியைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். விற்பனைக்கு எத்தனை படம் போட்டாலும் அது பெட்டிக்குள் போன பொருளுக்குச் சாட்சி ஆகாது. சீரியல் எண்ணைக் கிட்டத்தில் காட்டுவதில் தொடங்கி, பொருள் வேலை செய்வதைக் காட்டி, பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, கூரியர் லேபிளின் எண் தெரிகிற வரைக்கும் நடுவில் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். திரும்பி வரும் பார்சலையும் அதே போல, லேபிளில் தொடங்கி, வீடியோ ஓடும்போதே பிரியுங்கள். முடிந்தால் அனுப்பவே வேண்டாம். எம்ஆர்டி நிலையத்தில் நேரில் கொடுங்கள், வாங்குபவர் அங்கேயே சோதித்துப் பார்த்து உறுதி செய்யட்டும். பணம் எந்தக் கட்டத்தில் வாங்கியவருக்குத் திரும்பும், நீங்கள் பொருளைப் பார்த்த பிறகா பார்க்கும் முன்பா என்பதைத் தளத்தின் விதிகளில் தேடிப் படியுங்கள். பார்க்கும் முன்பே என்றால், விலை உயர்ந்த எதையும் அங்கே விற்காதீர்கள். விற்பவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லாத இந்த விதி எனக்கு அநியாயமாகப் படுகிறது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் திரும்பி வந்த அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அனுப்பியவரின் பெயரும் முகவரியும் அதில் இருக்கும். ஏலத்தில் தெரிவது வெறும் புனைபெயர். அந்த முகவரி இருந்ததால்தான் என்னால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்துக்குப் போக முடிந்தது. 20,000 வெள்ளி வரையிலான விவகாரங்களை அங்கே எடுத்துக்கொள்வார்கள், 2 ஆண்டுகளுக்குள் போக வேண்டும், இரு தரப்புமே வக்கீல் வைக்க முடியாது. மனுவை இணையத்திலேயே போடலாம். காவல்துறையிலும் இணையம் வழியாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இது மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் 1799 ஸ்கேம்ஷீல்டு எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

விவகாரம் நடப்பதால் தளத்தின் பெயரையோ அந்த ஆளின் பெயரையோ இங்கே போடவில்லை. கேமரா வேறு எங்காவது விற்பனைக்கு வரலாம். கறுப்பு எஃப்எம்2, தேன்கூடு ஷட்டர், ரீவைண்ட் குமிழுக்குப் பக்கத்தில் மேல்தகட்டில் ஒரு சின்ன நெளிவு. கண்ணில் பட்டால் பேரம் பேச வேண்டாம், சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு படம் மட்டும் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள்.