கொட்டகையை மூடுவதா, திறந்து விடுவதா?

மார்கழிக் குளிருக்குப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் தார்ப்பாயால் மூடியவர்களில் நானும் ஒருத்தன். பெங்களூரில் யலஹங்கா தாண்டி ஆறு கலப்பினப் பசு, மூன்று கன்று வைத்திருக்கிறோம். இரண்டு வருஷம் மூடியும் பார்த்தாயிற்று, இரண்டு வருஷம் திறந்தும் பார்த்தாயிற்று. என் ஓட்டு திறந்த கொட்டகைக்குத்தான்.

மூடினால் கதகதப்பு, சரி. ஆனால் இங்கே ஜனவரி விடியலின் 15 டிகிரி, காய்ந்த வைக்கோலில் வயிறு நிறையப் பால் குடித்துப் படுத்திருக்கும் கன்றுக்குப் பெரிய குளிரே இல்லை. கெடுப்பது ஈரம். ராத்திரி முழுக்க மாடு விடும் மூச்சும் கோமியத்தில் கிளம்பும் அமோனியாவும் தார்ப்பாய்க்குள்ளேயே சுற்றும், விடிகாலையில் அந்த மூச்சின் ஈரம் தகரக் கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாகக் கன்றின் முதுகில் விழும். கிருமியை வெளியே தள்ளுகிற மூச்சுக்குழாயின் மெல்லிய மயிர்களை அமோனியா கெடுத்துவிட்டால், மூக்கிலும் தொண்டையிலும் சும்மா கிடந்த பாஸ்டுரெல்லா மாதிரி கிருமிகள் நுரையீரலுக்கு இறங்கிவிடும். ஒரு கன்று 104 ஃபாரன்ஹீட் காய்ச்சலோடு காது தொங்கி, விலா எகிற மூச்சு வாங்கியபோதுதான் எனக்கு இது உறைத்தது. வந்த டாக்டர் ஊசி போடுமுன் என்னைக் கன்றின் பக்கத்தில் மண்டிபோடச் சொன்னார். நின்றபோது தெரியாத நெடி, அந்த உயரத்தில் கண்ணைக் கரித்தது.

மூடிய கொட்டகையையும் நன்றாக நடத்தலாம், ஆள் இருந்தால். கோமியம் தேங்காமல் மூன்று வேளை கழுவ வேண்டும், கழுவின தரை காயவும் வேண்டும், மூடிய இடத்தில் அது எங்கே காயும்? வைக்கோலைத் தினம் மாற்றித்தான் ஆகவேண்டும். திறந்ததில் பாதி வேலையைக் காற்றே பார்த்துக்கொள்கிறது.

இப்போது கிழக்கே மட்டும் கன்று உயரத்துக்குக் கீற்றுத் தடுப்பு, மார்கழிக் காற்று அங்கிருந்துதான் வரும். ஆடிச் சாரலுக்கு மேற்கே ஒரு தார்ப்பாய், மழை விட்டதும் சுருட்டிவிடுவோம், மறந்தால் அம்மாவிடம் திட்டு. கொசுவுக்கு மூடியதுதான் தேவலை, ஆனால் அதற்குள் புகை மூட்டம் போட்டால் மாடே இருமும்.

பிறந்து ஒரு வாரமாகாத கன்றுக்கு மட்டும் சாக்கு போர்த்துகிறேன். முப்பது நாற்பது மாடு நெருக்கிக் கட்டுகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்துமா என்று என் ஆறு மாட்டை வைத்துச் சொல்ல மாட்டேன். எந்தக் கொட்டகையானாலும் மழைக்கு முன் தொண்டை அடைப்பான் நோய்க்குத் தடுப்பூசி, பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால், இந்த இரண்டும் தவறக்கூடாது.

கழற்றிய தார்ப்பாய்கள் இப்போது வைக்கோல் போர் மேல் கிடக்கின்றன.